ஆசிப்பின் காலர் டியூன்

மேற்கு தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் குக்கர் ரிப்பேர் கடை வைத்திருந்த முனீர் பாயை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கேஸ்கெட் தளர்ந்து போனாலும், மிக்சி பிளேடு சுற்றாமல் அடம் பிடித்தாலும், கேஸ் ஸ்டவ் நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தாலும் அவரிடம்தான் வருவார்கள். வந்தவர்கள் திட்டும் வாங்கிக்கொண்டு போவார்கள். "இத்த இன்னா கல்லு மேல போட்டு அடிச்சியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் குக்கரைக் கையில் வாங்குவார். கை சுத்தம், வேலை சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு விஷயத்தை ஒன்றரை வருஷம் போல வாயைத் திறந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார் என்றால் நம்புவது கஷ்டம்தான். அதுவும் கட்டிய பெண்டாட்டியிடம்.

பிறந்தது கடப்பேரி. மீசை முளைக்கும் முன்பே பல்லாவரத்தில் ஒரு ஸ்டவ் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதலாளியின் கெட்ட வார்த்தைகளையும் தொழிலையும் சேர்த்தே கற்றுக்கொண்டு, பிறகு தனியாகக் கடை போட்டார். நூர் பீவியைக் கட்டினார். முடிச்சூரில் நெல் விளைந்துகொண்டிருந்த இடத்தை மனை போட்டு விற்றபோது, "தவளைக்குப் பக்கத்துல குடித்தனம் பண்ணப் போறியா பாய்" என்று ஊரே சிரித்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு மனை வாங்கி வீடும் கட்டினார். குழந்தை தங்காமல் தங்காமல் கடைசியில் ஒரே ஒரு பிள்ளை, ஆசிப்.

கடை வாசலில் ஒரு காயின் பாக்ஸ் போன் மாட்டியிருந்தார். சிவப்புப் பெட்டி. செல்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம்தான் என்றாலும் கொத்து வேலைக்குப் போகிறவர்கள், ஹாஸ்டல் பெண்கள் என்று அதற்கும் ஆள் வந்துகொண்டிருந்தது. புதிதாக வருகிறவர்களிடம் பாய் கத்துவார். "ரிங் போறப்போ காசு போடாதே. அங்க எடுத்து அலோன்னு சொன்ன அப்புறம் போடு. போடலைன்னா அவங்க பேசறது உனக்குக் கேக்கும், நீ பேசறது அவங்களுக்குக் கேக்காது. கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுவே கட் ஆயிடும்." இந்தப் பாடத்தை அவர் ஒப்பித்து ஒப்பித்து, மத்தியானம் சோறு கொண்டுவரும் நூர் பீவிக்கே மனப்பாடம் ஆகியிருந்தது.

ஆசிப்பைக் காட்டாங்குளத்தூரில் இன்ஜினியரிங் சேர்த்தார். அவன் நான்கு வருஷம் போய்வந்து, பாஸ் ஆனதைவிட அரியர் அதிகமாக வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்தது கம்ப்யூட்டர் முன்னால். பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அவனுடைய சிநேகிதன் சம்பத் ஒரு சிடி கொடுத்திருந்தான். கார் ஓட்டி, சுட்டு, திருடி விளையாடும் விளையாட்டு. ஏதோ வெளிநாட்டு ஊர், பெரிய சாலைகள், எந்தக் காரில் வேண்டுமானாலும் ஏறிக்கொண்டு போகலாம். காரில் ஏறினால் உள்ளே ரேடியோ பாடும். ஸ்டேஷனை மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு ஸ்டேஷன். அதில் வந்த ஒரு பாட்டுதான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தது.

பாட்டு என்று சொல்வதே தப்பு. முதலில் பக்கத்து அறையில் பிரிட்ஜ் ஓடுகிற மாதிரி ஒரு முனகல். அதன்மேல் ஈரத் தரையில் யாரோ வெறுங்காலோடு நடக்கிற சத்தம். அப்புறம் ஒரு பெண், பாடுவதற்காக மூச்சை இழுக்கிறாள். பாடுவதில்லை. மறுபடி இழுக்கிறாள். மறுபடியும் பாடுவதில்லை. டேப்பைப் பின்னோக்கி ஓட்டினால் வருமே, அப்படி ஏதோ ஒரு வாத்தியம் நடுநடுவே வந்து போகும். திடீரென்று எல்லாம் நின்றுவிடும். கரெண்ட் போய்விட்டதோ என்று நாம் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்கு நின்று, பிறகு அந்த முனகல் முதலில் இருந்து ஆரம்பிக்கும். ஆசிப் விளையாட்டில் யாரையும் சுடவில்லை, எதையும் திருடவில்லை. காரைக் கடற்கரை ஓரமாக நிறுத்திவிட்டு இதையே கேட்டுக்கொண்டிருப்பான்.

பகல் முழுக்கத் தகரத்தைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு இது எப்படி இருக்கும்? "நாய் ஊளை உட்டா கல்ல எடுத்து அடிக்கிறோம். இவன் தேடிப் போய் வாங்கியாந்து கேக்கறான்" என்பார் முனீர் பாய். ஆசிப் பதில் சொல்ல மாட்டான். அவன் பதில் சொல்லும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். சமையலறையில் இருந்து நூர் பீவி, "ஆசிப், சாப்ட வாடா. ஆறிப் போவுது" என்று கூப்பிடுவாள். அவன் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்காமல், "இன்னா கொழம்பு?" என்பான். அவள் பதில் சொன்ன பிறகுதான் எழுந்திருப்பான். பிடித்த குழம்பாக இருந்தாலும் எழுந்திருப்பான், பிடிக்காததாக இருந்தாலும் எழுந்திருப்பான், ஆனால் கேட்காமல் எழுந்திருக்க மாட்டான். பாய்க்கு இதுவும் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாளில் காலர் டியூன் என்று ஒரு பைத்தியம் ஊரைப் பிடித்திருந்தது. நமக்கு யாராவது போன் செய்தால் அவர்கள் காதில் டிரிங் டிரிங் என்று கேட்பதற்குப் பதிலாக நாம் வைத்த பாட்டு கேட்கும். எல்லோரும் சினிமாப் பாட்டு வைத்தார்கள், சாமி பாட்டு வைத்தார்கள். விருப்பப்பட்டால் சொந்தமாகவும் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம் என்று போன் கம்பெனிக்காரன் ஒரு வசதி கொடுத்திருந்தான். ஆசிப் ஒருநாள் செல்போனைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் முன்னால் பிடித்து அந்தப் பாட்டைப் பதிவு செய்தான். முனகல் வந்தது, நடை வந்தது, மூச்சு வந்தது, எல்லாம் நின்றது. சரியாக அந்த நேரம் பார்த்துச் சமையலறையில் இருந்து நூர் பீவி சாப்பிடக் கூப்பிட்டாள். அதுவும் பதிவாகிவிட்டது. அவன் "இன்னா கொழம்பு" என்று வாயைத் திறப்பதற்குள் பதிவு நேரம் முடிந்துவிட்டது. அப்படியே வைத்துக்கொண்டான்.

சண்டை வந்த அன்றைக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தெரிந்தவர் மூலமாக ஒரு ஏ.சி. கம்பெனியில் சொல்லி வைத்திருந்த வேலைக்கு ஆசிப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தால் அந்தப் பாட்டு. முனீர் பாய் போய் பிளக்கைப் பிடுங்கினார். "இந்தப் பேய்ச் சத்தம் இனிமே என் வூட்ல கேக்கக் கூடாது. இதுதான் வேணும்னா எங்கயாவது போய் கேட்டுக்கோ" என்றார். ஆசிப், "சரி அத்தா" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காலையில் பார்த்தபோது ஆளைக் காணோம்.

நூர் பீவி அழுதுகொண்டு தெருத்தெருவாகத் தேடினாள். முனீர் பாய் ஸ்டேஷன் பிளாட்பாரம் எல்லாம் பார்த்துவிட்டு, கடை சாவியை எடுத்துக்கொண்டு மார்க்கெட் பக்கம் வந்தார். ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார். காயின் பாக்ஸ் மேல் ஆசிப்பின் செல்போன் இருந்தது. அத்தா வாங்கிக் கொடுத்ததை அத்தாவிடமே வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று அவருக்கு உடனே புரிந்தது. கையில் எடுத்ததும் அது சத்தமே இல்லாமல் அதிர ஆரம்பித்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. எதை அழுத்துவது என்று அவர் தடவிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விஷயத்தைச் சொல்ல வீட்டுக்கு ஓடினார். நூர் பீவி வாசலிலேயே செல்போனைக் காதில் வைத்தபடி நின்றாள். காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். முகம் வேறு மாதிரி இருந்தது.

"ரிங் போவுதுங்க. பாட்டு கேக்குது. போனு ஆன்ல கீது, கையிலதான் வெச்சிருக்கான். கோவத்துல எடுக்க மாட்டேங்கிறான், அவ்ளோதான். ஆளு நல்லா கீறான்" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் டீ போட்டு அவருக்கும் கொடுத்துத் தானும் குடித்தாள். அவருடைய சட்டைப் பைக்குள் அந்தப் போன் இருந்தது. இப்போது சொன்னால் இந்த டீ இவள் தொண்டையில் இறங்காது என்று நினைத்தார். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த அப்புறம் வரவே இல்லை.

போலீசில் உண்மையைச் சொன்னார். வயசுக்கு வந்த பையன், சண்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறான், வருவான் என்று அவர்களும் அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர் வீடு, சிநேகிதர் வீடு, பெங்களூர் வரை அலைந்தார். வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. போனைக் கடையில் கேஸ்கெட் போட்டு வைக்கும் டிராயருக்குள் வைத்து, தவறாமல் சார்ஜ் ஏற்றினார். ரீசார்ஜ் செய்தார். காலர் டியூனுக்கு மாதாமாதம் பிடித்துக்கொள்ளும் காசைத் திட்டாமல் கொடுத்த ஒரே ஆள் தாம்பரத்திலேயே அவராகத்தான் இருக்கும். எந்தச் சத்தத்தை வீட்டை விட்டு விரட்டினாரோ, அது நின்றுவிடக் கூடாதே என்று இப்போது அவருக்குப் பயம்.

தினமும் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு நூர் பீவி போன் செய்வாள். டிராயருக்குள் வெளிச்சம் வரும். கறுப்புக் கேஸ்கெட் வளையங்களுக்கு நடுவே 'அம்மா' என்று எரிந்துகொண்டிருக்கும். அது அணையும் வரை முனீர் பாய் சுத்தியலைத் தொட மாட்டார். "பாய், உள்ள போன் வருது பாரு" என்று யாராவது சொன்னால், "தெரியும், நீ வந்த வேலையப் பாரு" என்பார். இந்த முனையில் ஒரு சத்தமும் இல்லை. அந்த முனையில் அவள் காதில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். இப்போது நடை, இப்போது மூச்சு, இப்போது நின்றுவிட்டது, இப்போது அவளே அவனைக் கூப்பிடுகிறாள்.

பக்கத்து வீட்டு அம்மணி டீச்சர் ஒருமுறை ஆறுதலாக இருக்கட்டும் என்று, "குடுங்க, நானும் ஒரு தடவை ட்ரை பண்றேன்" என்று போனை வாங்கிக் காதில் வைத்தாள். முழுசாகக் கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதைத் தினமும் கேக்காதீங்க நூர். எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி வளர்த்த பெண்மணி, அதன் பிறகு அந்தப் போன் மேஜைமேல் இருந்தால்கூடத் தள்ளித்தான் உட்காருவாள்.

நூர் பீவிக்குப் பயம் இல்லை. அவள் வேறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் சோறு போட்டபடியே சொன்னாள். "மின்னாடி நான் பக்கத்து ரூம்ல இருந்து கூப்பிட்ற மாதிரி இருக்கும். இப்பல்லாம் தெருவுல நின்னு கூப்பிட்ற மாதிரி கீது. தள்ளிப் போயிக்கினே இருக்கேங்க."

"பதிவு பண்ணது எப்டி நூரு தள்ளிப் போவும்?"

"அது எனக்குத் தெரியாது. இன்னோண்ணு சொல்றேன் கேளுங்க. அந்தப் பாட்டுக்குள்ள யாரோ இருக்காங்க. நான் கூப்பிட்றத கேட்டுக்கினே இருக்காங்க. பதில்தான் சொல்ல மாட்டேங்கிறாங்க."

முனீர் பாய் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். யாரோ இருக்கிறார்கள் என்றால் அது நாம்தான், டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிற நாம்தான், நம்மை இவள் மோப்பம் பிடித்துவிட்டாள் என்று நினைத்தார். அதற்குப் பிறகு வீட்டில் அவள் "சாப்ட வாங்க" என்று கூப்பிட்டால் அவருக்கு உடம்பு சில்லென்று ஆகும். அதே குரல், அதே சமையலறை. அவள் வந்து எட்டிப் பார்க்கும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் தாங்க முடியாமல் கடை வாசல் காயின் பாக்ஸில் இருந்து அவரே அந்த நம்பரை அடித்தார். கைக்கெட்டும் தூரத்தில் டிராயருக்குள் வெளிச்சம் வந்தது. காதில் முனகல், நடை, மூச்சு. நூர் பீவி கூப்பிட்டாள். குரல் தள்ளிப் போயிருக்கிறதா இல்லையா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கிட்டவும் இல்லை.

அதோடு விடாமல் சம்பத்தின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். அந்தப் படியை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. "அந்தப் பாட்டைப் போடு" என்றார். சம்பத் விளையாட்டைத் திறந்து, ஒரு காரில் ஏறி, கடற்கரைக்குப் போய் நிறுத்தினான். "அவன் இங்கதான் நிறுத்துவான் பாய்" என்றான். திரையில் அலை அடித்துக்கொண்டிருந்தது. மனுஷ நடமாட்டமே இல்லை. பாட்டு வந்தது. எல்லாம் வரிசையாக வந்து, நின்றது. முனீர் பாய் நூர் பீவியின் குரலுக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வெறும் இடம்தான் இருந்தது. யாரோ வந்து ஏதோ சொல்வதற்காகவே பாட்டில் இடம் விட்டு வைத்திருந்த மாதிரி இருந்தது.

"அம்மா கொரல் வந்துட்டுதே, திரும்ப எடுக்கறியாடான்னு கேட்டேன் பாய்" என்றான் சம்பத். "வேணாம் மச்சான், இப்பதான் பாட்டு முழுசாக் கீதுன்னான்."

முனீர் பாய் வெளியே வந்து மார்க்கெட்டில் வெங்காயக் கடை ஓரமாக நின்று அழுதார். யாரோ, "இன்னா பாய், வெங்காயமா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார்.

அந்த வருஷம் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மார்க்கெட் சந்தில் முழங்கால் தண்ணீர். வழக்கமாக மத்தியானம் ஜும்மா தொழுகைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறவர், அன்றைக்குப் போக வழியில்லாமல் ஸ்டூல் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். டிராயருக்குள் வெளிச்சம் வந்தது. அஸருக்கு இன்னும் நேரம் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தார். 'அம்மா' இல்லை. நீளமாக ஏதோ வெளியூர் நம்பர். எடுக்கலாமா என்று யோசிப்பதற்குள், முழுசாக அடித்து ஓய்ந்தது.

வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து டிராயரைத் திறந்தால் ஒரு மிஸ்டு கால் இருப்பது அவருக்குப் புதிசில்லை. ஒவ்வொரு வாரமும் வேறு வேறு நம்பர். லோன் வேண்டுமா, கிரெடிட் கார்டு வேண்டுமா என்று தொல்லை செய்கிறவன் என்று விட்டிருந்தார். இப்போது மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடன் விற்கிறவன் எதற்கு வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் மட்டும் பார்த்து அடிக்க வேண்டும்? தண்ணீரில் இறங்கிக் காயின் பாக்ஸுக்குப் போய், அந்த நம்பரைத் திருப்பி அடித்தார்.

எடுத்தது கர்நாடகாவில் ஹூப்ளி பக்கம் நெடுஞ்சாலையில் டீக்கடை வைத்திருப்பவன். அரைகுறைத் தமிழில் எரிந்து விழுந்தான். இது காயின் பாக்ஸ், இப்போதுதான் ஒரு லாரிப் பையன் நின்றிருந்தான், காசு போடவே இல்லை, பேசவும் இல்லை, ரிங் போவதை மட்டும் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் போனான், லாரி கிளம்பிவிட்டது, உங்கள் ஊர்ப் பையன்தான் என்றான்.

முனீர் பாய் ரிசீவரை மாட்டிவிட்டுத் தண்ணீரிலேயே நின்றார். ஆசிப்புக்குப் போன் எங்கே இருக்கிறது என்று தெரியும். வைத்துவிட்டுப் போனவனே அவன்தான். அத்தா நிச்சயமாகக் கடையில் இருக்க மாட்டார் என்கிற நேரமும் தெரியும். எந்த ஊரில் லாரி நிற்கிறதோ அந்த ஊரில் இருந்து அடிக்கிறான். யாரும் எடுத்துவிடக் கூடாது என்றே அடிக்கிறான். முனகலையும் மூச்சையும் தாண்டி அவன் அம்மா கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான். நூர் பீவி சொன்னது சரி. பாட்டுக்குள் ஒருத்தன் இருக்கத்தான் இருக்கிறான்.

அடுத்த வாரம் எடுத்துவிடலாம் என்று முதலில் சந்தோஷமாக நினைத்தார். எடுத்தால் கேட்கப் போவது யார் குரல்? பிளக்கைப் பிடுங்கின குரல். ஒரு அலோ சொன்னால் போதும், ரிசீவரை வைத்துவிடுவான், அப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் அடிக்க மாட்டான். எடுக்க வேண்டியது நூர் பீவி. அதற்கு இந்தப் போனை அவள் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். பிள்ளை கையில் இருப்பதாக நம்பி அவள் தினமும் போன் செய்தது புருஷனுடைய டிராயருக்கு என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அவளும் போய், அவனும் திரும்பாமல் போனால்? அந்த வாரம் முழுக்க அவர் எந்த வாடிக்கையாளரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையோ என்று சந்தே பேசிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை வெள்ளை ஜிப்பா போட்டார், அத்தர் தடவினார், தொப்பியைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடித்தார்கள்.

"ஜும்மாவுக்குப் போவலியா?" என்றாள் நூர் பீவி.

அவர் பையில் இருந்து ஆசிப்பின் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அவள் அதைத் தொடவில்லை. தன் போனை எடுத்து அந்த நம்பரை அடித்தாள். முன்னால் இருந்த போன் சத்தமில்லாமல் அதிர்ந்து, தரையில் அரை விரல் நகர்ந்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. அவள் காதில் இருந்து போனை எடுக்காமல், அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டாள். தன் குரல் வந்தபோது உதடு அசைந்தது. பிறகு வைத்தாள்.

"காயின் பாக்ஸ் மேல வெச்சிட்டுப் போனான்" என்றார் அவர். "நீ அன்னிக்கு டீ குடிச்சியா. அதான் சொல்லலை."

"அப்போ பாட்டுல கேட்டுக்கினு இருந்தது நீங்க."

"நான் இல்ல நூரு. நான் வெளிச்சத்ததான் பாத்துக்கினு இருந்தேன். கேக்கறது அவன்." டீக்கடைக்காரன் சொன்னதைச் சொன்னார். வாராவாரம் வந்த நம்பர்களைச் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அடிப்பான் என்று சொன்னார். சொல்லிவிட்டு அவள் அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரில் இல்லாமல் போனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்கு அது அடியைவிட வலித்தது.

பள்ளிவாசல் மைக்கில் தொழுகை நடந்துகொண்டிருந்தது. போன் அதிர்ந்தது. நீளமான நம்பர்.

"எடு" என்றார் முனீர் பாய். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். போனைக் கையில் எடுத்துக்கொண்டாள், பச்சைப் பொத்தான் மேல் கட்டை விரலை வைத்தாள், அழுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்தில் போன் அதிர்வதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அவள் தலை மட்டும் மெதுவாக ஆடியது. பாட்டு அவளுக்கு மனப்பாடம். எங்கோ ஒரு சாலையோரத்தில் அவன் காதில் முனகல் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு ஈரத்தில் நடை, பிறகு அந்த மூச்சு. "கட் ஆயிடும் நூரு" என்று அவர் கெஞ்சினார். அவளும் ஒருமுறை மூச்சை இழுத்தாள். பாட்டு நிற்கிற இடம் வந்ததும் பொத்தானை அழுத்தினாள்.

"ஆசிப், சாப்ட வாடா. ஆறிப் போவுது" என்றாள்.

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. லாரிச் சத்தம் இல்லை, காற்று இல்லை, மூச்சுகூட இல்லை. இதுவும் பாட்டு என்று நினைத்திருப்பான். வழக்கம்போல இதோடு வைத்துவிடுவான். முனீர் பாய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"டேய், காசப் போடுடா" என்றாள் நூர் பீவி.

பிறகு அந்தப் பக்கம் பெட்டிக்குள் நாணயம் விழும் சத்தம் கேட்டது. கூடவே சாலை கேட்டது, ஹாரன் கேட்டது, அழுகையை அடக்கிக்கொண்டு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இன்னா கொழம்பு?" என்றான் ஆசிப்.